உப்பேறிய ஆறு மா நிலம்: எந்த மருந்துச் செடியை நம்பி இறங்கலாம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, என் சித்தி மகனின் நிலத்துக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீர் அதற்கு முன்பே கரித்துக்கொண்டுதான் இருந்தது. புயலுக்குப் பிறகு இரண்டு முறை நெல் விதைத்தான். இரண்டு முறையும் நன்றாக முளைத்து வந்து, நுனி கருகி, திட்டுத் திட்டாகச் செத்துப்போனது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 11 டெசிசீமன்ஸ் என்று தாளில் வந்தது. 4-ஐத் தாண்டினாலே உவர் நிலம் என்பது கணக்கு. நெல்லுக்கு 3-க்கு மேல் போனாலே மகசூல் இறங்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம்தான் அந்த போன் வந்தது.

"அக்கா, நம்ம கொல்லையில தானா மண்டிக் கிடக்கே வங்கராவாசி, உமரி, அதெல்லாம் மருந்தாம். சர்க்கரைக்கு, கல்லீரலுக்கு, புற்றுநோய்க்குக்கூடக் கேக்குதுன்னு வீடியோவுல சொல்றாங்க. நெல்லை மறந்துட்டு இதையே போட்டுடவா?"

"இதையேன்னா எதை?"

"அதத்தானே உங்ககிட்ட கேக்குறேன்."

கடலோரச் செடிகளைச் சாறெடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தவள் நான். அதனால் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதத் தொடங்கினேன். அவனைப் போலவே உப்பு நிலத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் நாகையிலும் கடலூரிலும் ராமநாதபுரத்திலும் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே போடுகிறேன்.

கூடவே வரும் உப்பு

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் உமரி இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கி வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் குடுவையின் அடியில் பச்சைப் பிசுபிசுப்புக்கு நடுவே கட்டம் கட்டமாக வெள்ளைப் படிகங்கள் மின்னின. தூய சேர்மம் ஒன்று தானாகப் பிரிந்து வந்திருக்கிறது என்றே நினைத்தோம். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாகப் படிந்தது. சமையல் உப்பு.

அன்றைக்குக் கற்றதை இன்றுவரை விடவில்லை. உப்பைத் தாங்கும் செடியில் இருந்து எதை எடுத்தாலும் உப்பும் கூடவே வரும். கீரையாகப் பறித்தாலும் வரும், பொடியாக அரைத்தாலும் வரும், ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவுக்குள்ளும் வரும். ஒரு சாறு கிருமியைக் கொன்றது என்று எழுதியிருந்தால், கொன்றது சாற்றில் இருந்த சேர்மமா, அதோடு வந்த உப்பா என்று முதலில் கேட்க வேண்டும். உப்பை நீக்கிவிட்டுச் சோதித்தார்களா என்று பார்க்காமல் அந்த முடிவை நான் நம்புவதில்லை.

ஆனாலும் இந்தச் செடிகளில் மருந்துக்குரிய பொருள்கள் இருப்பது பொய்யில்லை. அவை அங்கே இருப்பதற்குக் காரணமே உப்புதான். வங்கராவாசியும் உமரியும் உறிஞ்சிய சோடியத்தையும் குளோரைடையும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர்ப் பையில் அடைத்து வைக்கின்றன. இலை தடித்துச் சதைப்பற்றாக இருப்பது அதனால்தான். பைக்குள் அவ்வளவு உப்பு இருக்கும்போது, பைக்கு வெளியே இருக்கும் செல்நீர் வற்றிப்போகாமல் பார்க்க வேண்டும். அதற்காகப் புரோலின், கிளைசின் பீட்டைன் போன்றவற்றைச் செடி சேர்த்து வைக்கிறது. போதாக்குறைக்கு உப்பும் வெயிலும் சேர்ந்து செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கிளப்பும். அதைத் தணிக்க ஃபிளேவனாய்டு, ஃபீனாலிக் அமிலங்கள், கரோட்டினாய்டு எல்லாம் உருவாகின்றன. பங்குனி, சித்திரையில் உமரிக் காடு செக்கச்செவேல் என்று சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு பீட்டாலைன் வகை நிறமி, பீட்ரூட்டில் இருப்பதும் அதே வகைதான். உமரியும் பீட்ரூட்டும் ஒரே குடும்பம். பீட்டைன் என்ற பெயரே பீட்ரூட்டில் இருந்து வந்தது.

ஆக, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வதைத்தான் நாம் மருந்தாகப் பார்க்கிறோம். அது நமக்கு எந்த வடிவத்தில், எவ்வளவு உப்போடு கையில் கிடைக்கும் என்பதில்தான் ஒவ்வொரு செடியும் வேறுபடுகிறது. தம்பியின் கேள்விக்கு அந்த வேறுபாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஆரம்பத்திலேயே கழித்துவிட்டவை

அலையாத்திக் காட்டு மரங்களைத் தொடவே வேண்டாம். அவற்றின் வேதியியல் மிகவும் வளமானதுதான். வெண்கண்டலின் பட்டையில் நாஃப்தோகுவினோன் சேர்மங்கள் உண்டு. சுரபுன்னையில் டேனின் நிறைந்திருக்கிறது. அதன் ஒரு வகையில் இருந்து பிரித்த பாலிசாக்கரைடு, எச்.ஐ.வி. கிருமியை ஆய்வகத்தில் தடுத்ததாக 1999-ல் கட்டுரை வந்தது, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் காப்புக்காடுகள். அங்கே கை வைப்பது குற்றம். வயலில் வளர்க்கலாம் என்றால் அந்த மரங்களுக்கு ஏறி இறங்கும் கடல் ஓதமும் சேறும் வேண்டும்.

தில்லை மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இது. இதன் பாலில் ஃபோர்பால் வகை டைட்டர்பீன் எஸ்டர்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதே மரத்தில் கிடைத்த இதே வகைச் சேர்மம் ஒன்று எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்ததாக 1995-ல் கண்டுபிடித்தார்கள். நஞ்சும் மருந்தும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மரத்தை, பிள்ளைகள் ஓடியாடும் கொல்லையில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

வங்கராவாசி

மண்ணோடு மண்ணாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, சிவந்த தண்டும் தடித்த இலையுமாகக் கிடக்கும். நட்சத்திரம் போன்ற சின்ன இளஞ்சிவப்புப் பூ. ஓர்ப்பூடு என்றும் சிலர் சொல்வார்கள். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் முதலில் மொறுக்கென்று உடையும், அடுத்த நொடி உப்பு, கடைசியில் லேசான புளிப்பு.

இதன் வேதியியலில் என்னை அதிகம் ஈர்ப்பது 20-ஹைட்ராக்சி எக்டைசோன். பூச்சிகள் தோலுரிக்கப் பயன்படுத்தும் ஹார்மோன் இது. தன்னைத் தின்ன வரும் புழுவின் வளர்ச்சியைக் குழப்புவதற்காகச் செடியும் இதைத் தயாரிக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பில் எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் கூடு கட்ட வேண்டும் என்பதற்காக, செடிகளில் இருந்து எடுத்த இந்த வகை ஹார்மோனை மல்பெரி இலையில் தெளிப்பது வழக்கத்தில் இருக்கிறது. மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். உடற்பயிற்சி செய்யும் 46 இளைஞர்களை வைத்துப் பத்து வாரம் சோதித்து, இதைச் சாப்பிட்டவர்களுக்குத் தசை கூடியதாக பெர்லினில் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் சொன்னது. 2020-ல் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு இதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கே கொடுத்தது பசலைக்கீரை இனச் சாற்றில் இருந்து செய்த மாத்திரை. நம் வங்கராவாசிப் பொரியலைச் சாப்பிட்டால் அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இலையின் வாசனை எண்ணெய் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஆய்வகத் தட்டில் தடுத்திருக்கிறது. ஆவியில் வடித்தெடுத்த எண்ணெய் என்பதால் அதில் உப்பு கலந்திருக்க வாய்ப்பில்லை. அந்த வகையில் இதை மதிக்கிறேன். என்ன, பச்சை இலையில் இருந்து வரும் எண்ணெய் மிகக் கொஞ்சம். அதை நம்பி வாலை (எண்ணெய் வடிக்கும் கலம்) வைத்து வடிப்பது இரண்டு ஏக்கர்காரருக்குக் கட்டாது.

அப்படியென்றால் ஏன் இதை முதலிடத்தில் வைக்கிறேன்? நிலத்துக்காக. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினர் ஆறு உவர்ச் செடிகளை ஒப்பிட்டு 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரில் இருந்து உமரி 504 கிலோ, வங்கராவாசி 474 கிலோ உப்பை எடுத்துவிடும் என்பது அவர்கள் போட்ட மதிப்பீடு. ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தால் முறையே 204, 192 கிலோ. மற்ற நான்கும் இந்த அளவுக்கு வரவில்லை. ஆறு மாவுக்கு இந்த வேகத்தில் ஒரே வருடத்தில் நெல் வராது, அது எனக்கும் தெரியும். மழை கழுவிக்கொண்டு போவதும், வரப்பை உயர்த்திக் கடல் தண்ணீர் மறுபடி ஏறாமல் தடுப்பதும் சேர்ந்தால்தான் கணக்கு கூடும். வெட்டிய செடியை வயலிலேயே போட்டு மக்கவிட்டால் எடுத்த உப்பு அத்தனையும் திரும்ப மண்ணுக்கே போய்விடும். வெட்டு, அள்ளு, வெளியே கொண்டுபோ. அந்த வெளியே போகும் செடிக்கு ஒரு விலை கிடைத்தால் அது உபரி.

விலை கிடைக்கக்கூடிய வழி கீரைதான். பிலிப்பைன்ஸில் வங்கராவாசியை ஊறுகாய் போடுகிறார்கள். நம் கடலோரத்திலும் சமைக்கிறவர்கள் உண்டு. என் அத்தை செய்வதை அப்படியே எழுதுகிறேன். நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளி, மூன்று தண்ணீரில் அலசி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீரில் ஒரு கொதி. பிழிந்து எடுத்து, வெங்காயம் வதக்கி, சென்னாகுனி (பொடி இறால்) போட்டுப் பிரட்டி, தேங்காய்ப்பூ. உப்பு போடமாட்டார். ஒருமுறை புதிதாக வந்த மருமகள் பழக்கத்தில் அரைக் கரண்டி உப்பு போட்டுவிட்டாள், அன்றைக்குக் கறியை யாரும் வாயில் வைக்க முடியவில்லை.

அந்த இரண்டு கொதியும் ருசிக்காக மட்டும் இல்லை. சோடியத்தில் பெரும்பகுதி தண்ணீரோடு போகிறது, கரையும் ஆக்சலேட்டும் போகிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆக்சலேட் ஆகாது. அதே சமயம் தண்ணீரில் கரையும் ஃபிளேவனாய்டுகளில் ஒரு பங்கும் வெளியேறிவிடும். மருந்துச் சத்து முழுவதும் வேண்டும் என்று கொதிநீரைக் கொட்டாமல் குடிக்கச் சொல்லும் வீடியோவை நானும் பார்த்தேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த ஒரு டம்ளர் அதில் எவ்வளவை விழுங்கும் என்பது செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும்.

இன்னொரு எச்சரிக்கை. வங்கராவாசி உப்பை இழுப்பதுபோல் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் இழுக்கும். ஆலைக் கழிவு இறங்கும் ஓடைக்கரையில் முளைத்ததைக் கீரையாக விற்கக் கூடாது. தம்பியின் நிலத்துக்கு அருகில் ஆலை கிடையாது. இருந்தாலும் முதல் அறுவடைக்கு முன் இலையை ஒரு தடவை உலோகப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உமரி, இன்னொரு உமரி

இங்கே பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஊசி ஊசியாக, சதைப்பற்றான இலையோடு நிற்பது ஒரு உமரி. தாவரவியலில் சுவேடா. இலையே கண்ணுக்குத் தெரியாமல், தண்டு மட்டும் மணி கோத்ததுபோல் கணுக்கணுவாக நிற்பது சாலிகோர்னியா. பல ஊர்களில் அதற்கும் உமரி என்றே பெயர். விதை வாங்கும்போதும் கட்டுரை படிக்கும்போதும் எது என்று தெரியாவிட்டால், ஒன்றின் பெருமையை இன்னொன்றின் தலையில் ஏற்றிவிடுவோம். வீடியோக்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சுவேடா உமரி, உப்பை எடுப்பதில் வங்கராவாசியைவிட ஒரு படி மேல். கிளைசின் பீட்டைன் நிறைய. இலைச் சாறு எலியின் கல்லீரலை நச்சில் இருந்து காத்ததாக நம்மூர் ஆய்வுகளே உண்டு. எலியில்தான், மனிதரில் இல்லை. கீரையாகவும் தின்னலாம், முறை அதேதான், கொதிக்கவைத்துக் கொட்டுவது. குறை என்னவென்றால் காய்ந்த இலையின் எடையில் கால் பங்குக்கு மேல் சாம்பல்தான், அதில் பெரும்பகுதி உப்பு. மாத்திரை, பொடி என்று போனால் உப்பைத்தான் உறையில் போட்டு விற்கிறோம் என்றாகிவிடும். வெயில் ஏறினால் தண்டு நாராகி, கீரைக்கு ஆகாமல் போகும். மழை முடிந்து மூன்று, நான்கு மாதம் நல்ல கொழுந்து கிடைக்கும்.

சாலிகோர்னியாவின் கதை வேறு. உலக அளவில் அதிகம் படிக்கப்பட்ட உவர்ச் செடிகளில் அதுவும் ஒன்று. பழைய காலத்தில் ஐரோப்பாவில் இதை எரித்த சாம்பலில் இருந்து சோடா எடுத்துக் கண்ணாடி காய்ச்சினார்கள். இன்று அங்கே இளந்தண்டு விலையுயர்ந்த காய்கறி. கொரியாவில் பொடியாக விற்கிறார்கள். மெக்சிகோவில் கடல் தண்ணீரே பாய்ச்சி ஆறு வருடம் பயிரிட்டுப் பார்த்ததில், அங்கத்திய இனத்தின் விதையில் 26 முதல் 33 சதவீதம் எண்ணெய், 31 சதவீதம் புரதம் இருந்ததாக 1991-ல் எழுதினார்கள். எண்ணெயில் லினோலிக் அமிலம் முக்கால் பங்குக்கு அருகில். நம் நாட்டில் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், நம் கடற்கரை இனத்தில் இருந்தே தாவர உப்பு தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. அதில் சோடியம் குளோரைடோடு பொட்டாசியமும் மற்ற தாதுக்களும் இருக்கும். உப்பை ஒளிக்காமல் உப்பாகவே விற்கும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

மருத்துவ ஆதாரத்தில் ஒன்று நினைவில் வைக்கத் தக்கது. சாலிகோர்னியா சாற்றில் இருந்து முதலில் உப்பை நீக்கிவிட்டு, அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் கொரிய ஆய்வாளர்கள். அதிக உப்பால் ரத்தக் குழாய்க்கு வரும் கேடு குறைந்தது, அதற்குக் காரணம் ஃபெருலிக் அமிலம் என்றார்கள். உப்பை நீக்கிவிட்டுச் சோதித்தார்கள் பாருங்கள், அதனால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

இவ்வளவு இருந்தும் தம்பிக்கு இதை வேண்டாம் என்றேன். மின் கடத்துத்திறன் 11 என்பது நெல்லுக்கு எமன், சாலிகோர்னியாவுக்கோ போதாது. அது செழிக்க வேண்டும் என்றால் ஓதம் ஏறி இறங்கும் இடம் வேண்டும், அல்லது கடல் தண்ணீரை இறைத்துப் பாய்ச்ச வேண்டும். கடல் தண்ணீரின் மின் கடத்துத்திறன் 50-க்கும் மேல். அதைக் கொண்டுவந்து வயலில் விட்டால் பக்கத்துக் கொல்லையின் கிணறு என்ன ஆகும்? அவரும் நம்மைப் போல உப்போடு போராடுகிறவர்தான். உப்பளத்தை ஒட்டி, ஏற்கெனவே கடல் தண்ணீர் வந்துபோகும் தரிசு வைத்திருப்பவர்களுக்கு இது முதல் தேர்வாக இருக்கலாம். வேதாரண்யத்தில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்ச் செடிகளுக்கென்று அங்கே ஒரு மரபணுத் தோட்டமே வைத்திருக்கிறது. இறங்குவதற்கு முன் அதைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

கழுதைமுள்ளி, அடம்பு

கழுதைமுள்ளியின் இலை ஓரம் முழுக்க முள். உப்பை உள்ளே பூட்டி வைக்காமல் இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளிவிடும் செடி இது, காலையில் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் பொரி ஒட்டும். வேதியியலில் மிகவும் சிறப்பானது. 2-பென்சாக்சசோலினோன், வெர்பாஸ்கோசைடு, லிக்னான் வகைகள், டிரைட்டர்பீன்கள் என்று பட்டியல் நீளும். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதுகாப்பும், சுண்டெலிகளில் கட்டி குறைவதும் தெரிந்தன. தாய்லாந்தின் நாட்டு மருத்துவத்தில் தோல் நோய்க்கு இதற்குப் பெரிய பெயர். ஆனால் இதற்குக் கழிமுகச் சேறு வேண்டும். காய்ந்து வெடிக்கும் வயலில் இரண்டு மாதம் தாங்காது. வாய்க்கால் கரையில் தானாக இருந்தால் இருக்கட்டும்.

அடம்பு, மணற்கரையில் ஓடும் கொடி. மான் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதாப் பூ. நெய்தல் நிலத்தைப் பாடிய பழைய பாட்டுகளில் அடும்பு என்று வருவது இதுதான். சொறிமீன் பட்டு உடம்பு தடித்தால் மீனவர்கள் இதன் இலையைக் கசக்கித் தேய்ப்பார்கள். தாய்லாந்து ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு உழைத்தார்கள். இதன் சாறு ஹிஸ்டமினையும் சொறிமீன் நஞ்சையும் எதிர்க்கிறது என்று 1970-லேயே கட்டுரை வந்தது. பின்னர் யூஜெனால், பீட்டா டமாசினோன், ஃபைட்டால் என்று வேலை செய்யும் சேர்மங்களையும் பிரித்துக் காட்டினார்கள். நாட்டு வழக்கில் தொடங்கி, சேர்மத்தின் பெயர்வரை போய்ச் சேர்ந்த ஆராய்ச்சி என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை. வெளிப்பூச்சு என்பதால் உப்புச் சிக்கலும் இல்லை. உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, இதன் குடும்பத்துக்கே உரிய ரெசின் கிளைக்கோசைடுகள் வயிற்றைக் கலக்கிவிடும். தம்பியின் நிலம் களி. அடம்புக்கு மணல் வேண்டும். அதோடு முடிந்தது.

புன்னை

கடைசியாக எழுதினாலும் மனதில் முதலில் வந்தது இதுதான். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரம். கடற்காற்றையும் உப்புச் சாரலையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். பூத்த காலத்தில் தேனீக்களின் இரைச்சல் தெருவரை கேட்கும்.

மற்ற செடிகளில் இலையைப் பயன்படுத்துகிறோம், உப்பு சேருவதும் இலையில்தான். புன்னையில் நாம் எடுப்பது விதை எண்ணெய். எண்ணெயில் உப்பு கரையாது. அந்த ஒரு காரணத்தாலேயே இதன் மருந்துப் பொருள் சுத்தமாகப் பிரிந்து கைக்கு வருகிறது. பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். ஒலியிக், லினோலிக், பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற வழக்கமான கொழுப்பு அமிலங்களோடு, சமையல் எண்ணெய்களில் காணாத பிசின் பகுதியும் உண்டு. கலோஃபில்லோலைடு என்ற வீக்கம் தணிக்கும் சேர்மமும், இனோஃபில்லம் வகைக் கூமரின்களும் இந்தக் குழுவைச் சேர்ந்தவை. புன்னையில் இருந்து பிரித்த இனோஃபில்லம் சேர்மங்கள் எச்.ஐ.வி.யின் முக்கிய நொதியைத் தடுப்பதாக 1993-ல் கண்டார்கள். மலேசியாவின் சரவாக்கில் வளரும் புன்னையின் உறவு மரத்தில் கிடைத்த கலனோலைடு, மனிதர்களில் சோதிக்கும் கட்டம்வரை போனது. இதனால் புன்னை எண்ணெய் எய்ட்ஸுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெயில் இருக்கும் அளவும் வேறு, பிரித்தெடுத்த சேர்மத்தின் அளவும் வேறு.

நம்பக்கூடியது தோலுக்கான வெளிப்பூச்சு. நம் ஊரில் சொறி, சிரங்கு, மூட்டு வலிக்குத் தடவியதும், பிரெஞ்சு பாலினேசியாவில் தமானு எண்ணெய் என்று புண்ணுக்கும் வடுவுக்கும் தடவியதும் பழைய வழக்கங்கள். இன்று அழகுசாதனக் கடைகளில் தமானு என்ற பெயரில் சிறு புட்டிகளில் விற்பது நம் புன்னை எண்ணெய்தான். விளக்குக்கும் படகுக்கும் ஊற்றி வந்ததை இப்போது முகத்துக்கு வாங்குகிறார்கள்.

ஒரு நுணுக்கம் சொல்லவேண்டும். உதிர்ந்த காயை உடைத்ததும் உள்ளே வெளிறிய பருப்பு இருக்கும். அதை அப்போதே செக்கில் போட்டால் நல்ல எண்ணெய் வராது. வெயிலில் வாரக்கணக்கில், ஒன்றிரண்டு மாதம்கூட உலர்த்துவார்கள். பருப்பு சுருங்கிச் செம்பழுப்பாகி, கையில் எடுத்தால் பிசுக்கென்று ஒட்டும் பதம் வரவேண்டும். அப்போது ஆட்டினால் கரும்பச்சையாக, கெட்டியாக, மூக்கில் ஏறும் வாசனையோடு எண்ணெய் இறங்கும். மழை பட்டுப் பூசணம் பிடித்த பருப்பு ஒரு கைப்பிடி கலந்தாலும் மொத்தமும் வீண். சாப்பிடும் எண்ணெய் இல்லை என்று புட்டியில் எழுதாமல் விற்கக் கூடாது.

குறை, காலம். கன்று வைத்து ஏழெட்டு வருடம் காத்திருக்க வேண்டும். தவிர, இலையில் உப்பைச் சேர்த்து வெட்டி அப்புறப்படுத்தும் செடி இல்லை என்பதால் நிலத்தின் உப்பைக் குறைக்காது. சின்னக் கன்றுக்கு முதல் இரண்டு கோடையில் நல்ல தண்ணீர் குடம் குடமாகச் சுமந்து ஊற்ற வேண்டும்.

விற்பதற்கு முன் ஒரு சட்டம்

தம்பியின் யோசனையில் புட்டியும் லேபிளும் ஏற்கெனவே தயாராக இருந்தன. "சர்க்கரை நோய்க்கு" என்று அதில் எழுதியிருந்தான். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தின்படி சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். மருந்து என்ற பெயரில் விற்க ஆயுஷ் உரிமம் வேண்டும். கீரையைக் கீரை என்று விற்கலாம், தடை இல்லை. நியாயமும் அதுதான், ஏனென்றால் மேலே நான் சொன்ன ஆதாரங்களில் பெரும்பாலானவை தட்டிலும் எலியிலும் நின்றவை. மாத்திரையை நிறுத்திவிட்டு உமரிப் பொடியை நம்பும் ஒரு சர்க்கரை நோயாளிக்கு நாளைக்கு ஏதாவது ஆனால், நம் வீட்டுப் பெயர்தான் அந்தப் புட்டியில் இருக்கும்.

அவனுக்குச் சொன்னது

ஐந்து மாவில் வங்கராவாசியும் சுவேடா உமரியும் கலந்து. இரண்டும் வேண்டும், வங்கராவாசி வருடம் முழுக்கத் தரையை மூடும், உமரி மழைக்குப் பிந்திய மாதங்களில் அதிக உப்பை எடுக்கும். வெட்டியதில் கொழுந்து கீரைக்கு, மீதி வயலுக்கு வெளியே. மீதி ஒரு மாவில், கடல் காற்று நேராக அடிக்கும் கிழக்குக் கரையில், புன்னை ஒரே வரிசை. ஒவ்வொரு வருடமும் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். 11 என்ற எண் 6-க்கு இறங்கினால், உப்பைத் தாங்கும் நெல் ரகத்தை ஒரு மூலையில் விதைத்துப் பார்க்கலாம்.

சாலிகோர்னியா மேல் அவனுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. "வெளிநாட்டுல அவ்வளவு விலைக்குப் போகுதேக்கா" என்றான். போகிறதுதான். வாய்க்கால் முனையில் ஓதம் ஏறும் நாலு சதுர அடியில் வளர்த்துப் பார், சந்தை கிடைத்தால் மேற்கொண்டு பேசுவோம் என்றேன்.

நடவு தை முதல் வாரம், மண்ணில் மழை ஈரம் இருக்கும்போதே. வங்கராவாசிக்கு விதை வேண்டாம். பழைய கொடியில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு வெட்டி, அரை நாள் நிழலில் வாடவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் மீதி வெளியிலுமாக, முழங்கைக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். கொடியை வெட்டிக் கட்டி வைத்துவிட்டதாக நேற்று படம் அனுப்பியிருந்தான்.